பெரியப்பாவின் பெட்டிகள்

எங்கள் வீட்டுப் பரணில் இருபது வருஷ காலமாக இரண்டு மரப் பெட்டிகள் வாசம் செய்து வந்தன. ஒவ்வொன்றும் 25 அங்குல உயரம், 14 அங்குல அகலம். எடை 53 பவுண்டு, அதாவது சுமார் 24 கிலோ. அவற்றின்மேல் ஒரு பித்தளை அண்டாவும், கொலுப் பொம்மைகள் அடங்கிய கூடையும், நான் பி.எஸ்ஸி. வகுப்பில் எழுதிய நோட்டுப் புத்தகங்களும் ஏறி உட்கார்ந்திருந்தன. பெட்டிகளைக் கீழே இறக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் என் தாயார், "அதுகள் கீழே வரட்டும், நான் மேலே ஏறிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுவாள். பேச்சும் அத்துடன் முடிந்துவிடும்.

அவை என் பெரியப்பாவின் பெட்டிகள். பெரியப்பா 1970-ல் மேல் படிப்புக்காக அமெரிக்கா சென்று 1974-ல் திரும்பி வந்தார். அந்தக் காலத்தில் சீமையிலிருந்து திரும்புகிறவர்கள் கைக்கடிகாரம் கொண்டு வருவார்கள், சென்ட் புட்டி கொண்டு வருவார்கள், சிலர் வெள்ளைக்கார மனைவியையும் கொண்டு வருவார்கள். பெரியப்பா கொண்டு வந்தது ஒரு ஜதை ஒலிபெருக்கி. 'ஏ.ஆர். 3ஏ' என்று பெயர். ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டுக் கூடத்தில் அவற்றை வைத்த நாள் முதல் என் தகப்பனாருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று எங்கள் வீட்டில் கிடையாது. காலையில் காப்பியைக் குடித்ததும் உறையூரிலிருந்து சைக்கிளில் கிளம்பினால், தமையனாரும் தம்பியும் இசைத்தட்டுக்களைப் போட்டுக் கேட்டுவிட்டு, மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார். சில நாள் என்னையும் முன்பாரில் உட்கார வைத்து அழைத்துப் போனதுண்டு. எனக்கு ஸங்கீதத்தில் கிடைத்த ஞானம், பெரியம்மா பிற்பகலில் கொடுக்கும் வெங்காய பஜ்ஜிக்காகக் காத்திருந்த நேரத்தில் ஒட்டிக்கொண்டதுதான்.

1998-ல் பெரியப்பா காலமானார். பெட்டிகள் எங்கள் வீட்டுக்கு வந்தன. ஆனால் அதற்குள் அவற்றின் குரல் போய்விட்டது. போட்டால், பாட்டுக்கு நடுவே ஈரப் பட்டாசு வெடிப்பதுபோல் ஒரு சத்தம். கொஞ்ச காலம் கூடத்தில் பூஜாடி வைக்கும் பீடங்களாகப் பணியாற்றிவிட்டு, பிறகு பரண் ஏறின.

என் தகப்பனாருக்கு இப்போது வயது எழுபத்தொன்பது. தபால் இலாகாவில் ஸப் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாலிபத்தில் பஜனை மடத்தில் கஞ்சிரா வாசித்தவர். கச்சேரி மேடை ஏறியதில்லையென்றாலும், கஞ்சிரா விஷயத்தில் அவருடைய அபிப்பிராயத்துக்கு எங்கள் தெருவில் அப்பீல் கிடையாது. சென்ற மூன்று நான்கு வருஷமாக அவருக்கு ஒரு பெரிய மனக்குறை. இந்தக் காலத்து ரேடியோவும் சரி, என் பெண் வைத்திருக்கும் உள்ளங்கையளவு ஸ்பீக்கரும் சரி, ஸங்கீதத்தைக் கொன்றுவிடுகின்றன என்பது. "பாடுகிறவன் வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு பாடுகிறதுபோல் இருக்கிறது. ஒரு வார்த்தை விளங்கவில்லை. அண்ணாவின் பெட்டியில் கேட்டால் அல்லவா ஸாகித்யம் ஸாகித்யமாகக் காதில் விழும்!" என்பார். பெட்டிகளை எப்படியாவது நீ பழுது பார்த்துவிடவேண்டும் என்று என்னிடம் சொல்லி வந்தார். முதலில் உத்தரவாகச் சொன்னார். பிறகு வேண்டுகோளாகச் சொன்னார். கிழவர்கள் உத்தரவை விட்டு வேண்டுகோளுக்கு வந்துவிட்டால் அதைத் தட்டுவது கடினம்.

இதற்கிடையே வீட்டில் சில வேடிக்கைகளும் நடந்துகொண்டிருந்தன. ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், "அப்பா! என் சட்டையைப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். "சம்புடத்தில் இருக்கிறது, எனக்கும் இரண்டு கொண்டு வா" என்றார். தட்டை என்று எண்ணிவிட்டார்! இன்னொரு நாள் என் பெண் பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாய், "தாத்தா, பசிக்கிறது" என்றாள். "படி, படி. சமர்த்து!" என்று முதுகைத் தட்டிக் கொடுத்தார். நாங்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவரும் சிரித்தார். வயதாகிவிட்டது, கவனம் வேறெங்கோ இருக்கிறது என்று நினைத்தோம். முன்னெல்லாம் எம். டி. ராமநாதன் பாட்டைக் கேட்டால் 'தூக்கம் வருகிறது' என்று எழுந்து போய்விடுகிறவர், இப்போது அவர் ஒருவர்தான் தெளிவாகப் பாடுகிறார் என்று சொல்ல ஆரம்பித்தார். ரஸனை முதிர்ந்துவிட்டது என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தோம். நான் கலாசாலையில் பௌதிகம் படித்துப் பட்டம் பெற்றவன். இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளுக்கு ஒலி என்னும் அத்தியாயத்தை நடத்தி வருகிறவன். இதையும் இங்கே சொல்லி வைத்துவிடுகிறேன்.

சென்ற கோடை விடுமுறையில் பெட்டிகளை இறக்கினேன். தாயார் பரண்மேல் ஏறவில்லை. ஆனால் மூன்று நாள் என்னிடம் பேசவுமில்லை.

முன்பக்கத்துத் துணித் திரையை அகற்றியதும் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. தாழ்ந்த ஒலிகளை எழுப்பும் 12 அங்குலக் காகிதக் கூம்பைச் சுற்றி ஒரு மெத்தென்ற வளையம் உண்டு. கூம்பு முன்னும் பின்னும் அசைவதற்கு இடம் கொடுத்து, அதே சமயத்தில் பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. அந்த நாளில் பல கம்பெனிக்காரர்கள் அதைப் பாலியூரிதேன் ஃபோமினால் செய்தார்கள். காற்றிலுள்ள ஈரம் அந்தப் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாய் அரித்துவிடும். பதினைந்து இருபது வருஷத்தில், உபயோகித்தாலும் சரி, பட்டுத் துணியில் சுற்றிப் பூட்டி வைத்தாலும் சரி, பொடிந்து போகும். நான் விரலால் தொட்டேன். கருப்பட்டிப் பாகு போல் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

பெட்டியைக் கழற்றும் முன் அதைச் செய்தவரைப் பற்றிக் கொஞ்சம் படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் பெயர் எட்கர் வில்ச்சர். 1917-ல் பிறந்த அமெரிக்கர். கல்லூரியில் அவர் படித்தது கலைச் சரித்திரம். இரண்டாவது உலக யுத்தத்தின்போது ராணுவத்தில்தான் எலெக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொண்டார். பிறகு நியூயார்க் பல்கலைக் கழகத்தில் ஒலிப்பதிவு சம்பந்தமாக மாலை வகுப்பு எடுத்தார். அதாவது, அவரும் ஒரு வாத்தியார்! வகுப்பில் மாணவராக இருந்த ஹென்றி க்ளாஸ் என்ற இளைஞருடன் சேர்ந்து 1954-ல் மஸாசூஸெட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் 'அக்கூஸ்டிக் ரிஸர்ச்' என்ற கம்பெனியைத் தொடங்கினார். என்னிடம் படித்த பிள்ளைகளில் கம்பெனி தொடங்கியவர்கள் சிலர் உண்டு. அவர்கள் யாரும் இதுவரை என்னைக் கூட்டாளியாய்ச் சேர்த்துக்கொள்ளவில்லை.

வில்ச்சரின் யுக்தி மிக எளியது. அவருக்கு முன்னால், மிருதங்கத்தின் தொப்பி போன்ற ஆழ்ந்த நாதம் வேண்டுமென்றால் பீரோ அளவில் பெட்டி வேண்டும். கூம்பைப் பிடித்திருக்கும் விளிம்பும் விறைப்பாக இருக்கும். விறைப்பான வில் ஒரே சீராக இழுபடாது; அதனால் நாதம் கெடும். வில்ச்சர் விளிம்பைத் தளர்த்திவிட்டு, பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்தார். சைக்கிள் பம்பின் வாயைக் கட்டை விரலால் மூடிக்கொண்டு அழுத்திப் பாருங்கள். உள்ளே அடைபட்ட காற்று கைப்பிடியைத் திருப்பித் தள்ளுகிறதல்லவா? அதுபோல் பெட்டிக்குள் இருக்கும் காற்றே வில்லாக வேலை செய்கிறது. காற்றைப்போல் சீரான வில் வேறு கிடையாது. பெட்டியும் புத்தக அலமாரியில் வைக்கும் அளவுக்குச் சிறுத்துவிட்டது. முதல் மாதிரியைச் செய்தபோது தளர்ந்த விளிம்புக்கு மெத்தை உறை தைக்கும் துணியை எடுத்துக்கொண்டார். அதை எப்படி வெட்டுவது என்று அளவு போட்டுக் கொடுத்தவர் அவருடைய மனைவி ரோஸ்மேரி. இந்த இடத்தை நான் உரக்கப் படித்துக் காட்டினேன். என் மனைவி, "பார்த்தீர்களா!" என்று மட்டும் சொன்னாள். துணி விளிம்பு வைத்த பழைய பெட்டிகள் பல இன்றும் நன்றாகவே இருக்கின்றனவாம்.

அவர்கள் ஒரு விளம்பரமும் செய்தார்கள். மேடையில் நான்கு பேர் தந்தி வாத்தியம் வாசிப்பார்கள். நடுவில் சில இடங்களில் வில்லை மட்டும் ஓட்டிப் பாவனை செய்வார்கள். அப்போது பெட்டிகள் வாசிக்கும். எங்கே மனிதர் விட்டார், எங்கே பெட்டி எடுத்தது என்று சபையில் பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. இதைக் கேட்டதும் என் தகப்பனார், "அதைத்தானே நானும் சொல்கிறேன்!" என்று துள்ளி எழுந்தார்.

இனி என் வைத்தியம். புது விளிம்பு வளையங்கள் வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்தன. பார்ஸல் இன்று எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இரண்டு நாள் தங்கிற்று என்பதைத் தகப்பனார் தினமும் விசாரித்து, தற்காலத் தபால் இலாகாவைப் பற்றித் தம் அபிப்பிராயத்தையும் தெரிவித்து வந்தார். அதற்குள் நான் பழைய பிசினை ஸ்பிரிட்டில் தோய்த்த துணியால் துடைத்து எடுத்தேன். ஒரு கூம்புக்கு ஒரு முழு நாள். அவசரப்பட்டுச் சுரண்டினால் காகிதம் கிழிந்துவிடும். கிழிந்தால் அதற்கு மாற்று கிடையாது.

கடினமான காரியம் இனிமேல்தான். கூம்பின் அடியில் ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. அது காந்தத்தின் நடுவே, எந்தப் பக்கமும் உரசாமல், மயிரிழை இடைவெளியில் மேலும் கீழும் ஓடவேண்டும். புது வளையத்தை ஒட்டும்போது சுருள் நடு மத்தியில் நிற்பதற்காக, கூம்பின் நடுவிலுள்ள மூடியைப் பிளேடால் அறுத்து எடுத்துவிட்டு, இடைவெளியில் மெல்லிய பட்டைகளைச் செருக வேண்டும். பட்டைக்கு எக்ஸ்ரே ஃபிலிம் உத்தமம் என்று தெரிந்தது. வீட்டில் இருந்த ஒரே ஃபிலிம் தாயாரின் முழங்கால். டாக்டர் இனி அது வேண்டாம் என்று சொல்லியிருந்தபடியால், தாயாரைக் கேட்காமல் நாலு துண்டு நறுக்கி எடுத்துக்கொண்டேன். தச்சர்கள் உபயோகிக்கும் வெள்ளைப் பசையால் முதலில் வளையத்தைக் கூம்போடு ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு, பிறகு வெளி விளிம்பை இரும்புச் சட்டத்தோடு ஒட்ட வேண்டும்.

முதல் கூம்பில் அந்த ஒரு நாளை நான் ஆறு மணி நேரமாகச் சுருக்கினேன். பலன், பட்டைகளை உருவிவிட்டு இரண்டு கைகளாலும் மெதுவாக அழுத்தியபோது, உள்ளே 'கர்' என்று ஒரு உரசல். வளையம் ஒரு பக்கம் நகர்ந்து காய்ந்திருந்தது. மறுபடியும் பிரித்து, மறுபடியும் துடைத்து, மறுபடியும் ஒட்டினேன். வகுப்பில் பிள்ளைகள் அவசரப்பட்டுப் பரிசோதனையைக் கெடுக்கும்போது நான் சொல்லும் வசனங்களையெல்லாம் என் பெண் எனக்குச் சொல்லிக் காட்டினாள். அவளும் என் பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறாள் என்பது இதிலுள்ள தொந்தரவு.

பெட்டிக்குள் அடைத்திருந்த கண்ணாடி இழைப் பஞ்சை வெறுங்கையால் எடுத்ததில் மூன்று நாள் அரிப்பு. பின்பக்கம் மத்திய ஒலிக்கும் மேல் ஒலிக்கும் தனித்தனியே இரண்டு திருகு குமிழ்கள் உண்டு. அவற்றின் உட்புறம் பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. நான் என்னென்னவோ மருந்துகளை யோசித்துக்கொண்டிருக்கையில், மூன்று நாள் மௌனத்தைக் கலைத்துத் தாயார், "குத்துவிளக்குக்குப் போடுகிற புளி இல்லையா?" என்றாள். புளிதான் போட்டேன். தண்ணீரில் அலசி, ஸ்பிரிட்டில் துடைத்து, வெயிலில் காய வைத்ததும் பித்தளை பளபளவென்று வந்துவிட்டது. கெபாஸிட்டர்கள் மூன்று: 150, 50, 6 மைக்ரோஃபாரட். அவை சென்னை ரிச்சி தெருவுக்கு ஒரு நாள் பிரயாணமாயிற்று. மேல் ஒலிக்கான முக்கால் அங்குலக் குமிழ் மூடியில், தலைமயிரைவிட மெல்லிய ஒரு கம்பி அறுந்திருந்தது. பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து அதைப் பற்றவைத்தேன். என் வாழ்க்கையில் அத்தனை நேரம் மூச்சைப் பிடித்தது காவேரியில் நீச்சல் கற்றபோதுதான்.

எல்லாவற்றையும் பூட்டி, காற்றுப் புகாமல் அரக்கு போன்ற சாம்பல் நிறக் களிமண்ணால் விளிம்பை அடைத்தேன். கூம்பை மெல்ல உள்ளே தள்ளி விட்டால் அது சட்டென்று திரும்பாமல், யோசித்து யோசித்து வெளியே வரவேண்டும். அப்படி வந்தால் பெட்டி ஒழுகவில்லை என்று அர்த்தம். வந்தது.

மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கச்சேரி. தகப்பனார் சலவை வேஷ்டி கட்டிக்கொண்டு ஈஸிசேரில் வந்து உட்கார்ந்தார். பெரியப்பா வாங்கிய இசைத்தட்டுக்களில் ஒன்றை அவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். வாய்ப்பாட்டு, பிடில், மிருதங்கம், கஞ்சிரா பக்கவாத்தியம். முள்ளை வைத்தேன். தம்பூரா எழுந்தது. அடுத்த நிமிஷம் மிருதங்கத்தின் தொப்பி கூடத்துத் தரையில் வந்து இறங்கிற்று. "தொப்பி! தொப்பி!" என்று தகப்பனார் குழந்தைபோல் கையைத் தட்டினார். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் தாயாரைப் பார்த்தாள். தாயார் கூட ஒரு மாதிரி சிரித்தாள்.

தனி ஆவர்த்தனம் வந்தது. மிருதங்கம் விட்டு, கஞ்சிரா எடுத்தது. பலாமரச் சட்டத்தில் உடும்புத்தோல் கட்டிய வாத்தியம் அது. சட்டத்தில் ஒரு சிறு துவாரம் செய்து அதில் காசுபோன்ற சலங்கைத் தட்டுகளைக் கோத்திருப்பார்கள். தோல் விம்மிற்று, சலங்கை கூடமெங்கும் மணலை இறைத்ததுபோல் சிதறிற்று. நான் பற்றவைத்த கம்பிக்கு அதைவிடச் சிறந்த அத்தாட்சி வேண்டியதில்லை. தகப்பனாரின் முகத்தைப் பார்த்தேன். அவர் நெற்றியைச் சுளித்துக்கொண்டிருந்தார்.

"இது என்னடா, இரண்டு மிருதங்கமா? அட்டையில் கஞ்சிரா என்று போட்டிருந்ததே?"

"கஞ்சிராதான் அப்பா."

"சலங்கையே இல்லாமல் ஏது கஞ்சிரா? பெட்டி இன்னும் சரியாகவில்லை. மேலே இருக்கிறதே, அந்தச் சின்னக் குமிழ், அதைப் பார்."

என் பெண் வாயைத் திறந்தாள். நான் கண்ணால் ஜாடை காட்டி அடக்கினேன். "பார்க்கிறேன் அப்பா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை அணைத்தேன்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள், பெட்டியைச் சோதிப்பதாகச் சொல்லி, ஒலி எழுப்பும் கருவி ஒன்றை அதில் இணைத்தேன். "சத்தம் கேட்கும் வரையில் கையைத் தூக்கிக்கொண்டிருங்கள் அப்பா, எது வரைக்கும் பெட்டி வேலை செய்கிறதென்று குறித்துக்கொள்கிறேன்" என்றேன். விநாடிக்கு 250 அதிர்வு, கை உயர்ந்தது. 500, 1000, கை உயர்ந்தே இருந்தது. 2000 என்றபோது கொஞ்சம் தயங்கிற்று. 3000-ல் ஒலியைக் கூட்டிய பிறகு நின்றது. 4000 வைத்தேன். சத்தம் ஊசிபோல் கூடத்தைத் துளைத்தது. என் பெண் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அடுக்களையிலிருந்து தாயார், "ஐயோ, அதை நிறுத்து!" என்று கூவினாள்.

தகப்பனார் கையைக் கீழே இறக்கிவிட்டு, என்னைப் பார்த்து, "ஏன் நிறுத்திவிட்டாய்?" என்றார்.

பெட்டிகளைப் பற்றி எனக்கிருந்த சந்தேகம் அந்த நிமிஷத்தோடு தீர்ந்தது. சட்டையும் தட்டையும், பசியும் படிப்பும் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. 'ச' என்ற எழுத்துக்கும் 'த' என்ற எழுத்துக்கும் உள்ள வித்தியாசம் மேல் ஒலியில் இருக்கிறது. அது போய்விட்டால் வார்த்தையின் உடம்பு கேட்கும், முகம் தெரியாது. ஆழ்ந்த குரலில் நிதானமாகப் பாடும் எம். டி. ராமநாதனை அவர் நாடிப் போனதிலும் ஆச்சரியமில்லை. இதையெல்லாம் கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிறவன் நான். வீட்டில் மூன்று வருஷம் அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். சில நாள், சொன்னதையே திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று கத்தியும் இருக்கிறேன். "ஏனடா கத்துகிறாய்?" என்று அவர் கேட்டதுண்டு. மெதுவாகச் சொன்னால் கேட்கவில்லை, உரக்கச் சொன்னால் கத்துகிறாய் என்கிறாரே என்று அதற்கும் கோபித்துக்கொண்டேன்.

காது வைத்தியரிடம் அழைத்துப் போனோம். அவர் காட்டிய படத்தில் கோடு 1000 வரையில் சமவெளியாக வந்து, பிறகு மலைக்கோட்டைச் சரிவுபோல் இறங்கிற்று. உட்காதில் நத்தைக் கூடுபோன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் நுண்ணிய மயிர்களுள்ள அணுக்கள் ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 வரிசையாக இருக்கின்றன. மேல் ஒலியை ஏற்பவை வாசல் பக்கத்தில் இருக்கின்றன; வயதாக ஆக முதலில் மடிகிறவை பெரும்பாலும் அவையே. மனிதருக்கு அவை திரும்ப முளைப்பதில்லை. ஃபோம் வளையத்துக்குத் தபாலில் எழுதிப் போட்டதுபோல் அதற்கு எழுதிப் போட இடம் கிடையாது.

காது கருவி வைக்கலாம் என்றார் வைத்தியர். "செவிட்டு மிஷினா? எனக்கா?" என்று தகப்பனார் எழுந்துவிட்டார். வீட்டுக்கு வந்தும் இரண்டு வாரம் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. பஜனை மடத்துச் சிநேகிதர் ஒருவர் இருபது வருஷத்துக்கு முன் வாங்கிய கருவியைப் பற்றி அவருக்குத் தெரியும். அது எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி பெருக்கும். தட்டு கீழே விழுந்தால் இடி விழும். சிநேகிதர் அதை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் வில்ச்சரைப் பற்றிப் பாதியில் விட்ட புத்தகத்தை மறுபடி எடுத்தேன். பெட்டி விஷயம் முடிந்தவுடன் மேற்கொண்டு படிக்காமல் மூடி வைத்திருந்தேன். வில்ச்சர் தம் யுக்திக்கு 1956-ல் காப்புரிமை பெற்றார். இன்னொரு கம்பெனி வழக்காடியதில் அந்த உரிமை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அவர் அப்பீல் செய்யவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். 1967-ல், எங்கள் பெட்டி ரகம் வெளிவந்த அதே வருஷத்தில், கம்பெனியை விற்றார். அதன் பிறகு வுட்ஸ்டாக் என்ற ஊரிலுள்ள தம் வீட்டுப் பரிசோதனைச் சாலையில் அவர் ஆராய்ந்தது காது கருவி!

காது பழுதடைந்தவருக்கு மெல்லிய ஒலி கேட்பதில்லை. ஆனால் உரத்த ஒலி மற்றவர்களுக்குப் போலவே உரத்துக் கேட்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடம் குறுகிவிடுகிறது. ஆகையால் ஒலியைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மெல்லியதை அதிகமாகவும் உரத்ததைக் குறைவாகவும் பெருக்க வேண்டும் என்று அவர் 1973-ல் எழுதி வெளியிட்டார். அதற்குக் காப்புரிமையே கேட்கவில்லை. பெல் ஆராய்ச்சிச் சாலைக்காரர்கள் அதை எடுத்து வளர்த்தார்கள். இப்போது விற்கும் கருவிகளில் பெரும்பாலானவை அந்த வழியில் அமைந்தவை. வில்ச்சர் 2011-ல் தமது தொண்ணூற்று நான்காவது வயதில் காலமானார்.

இதைத் தகப்பனாரின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, முகத்துக்கு நேராக, கத்தாமல், நிதானமாகச் சொன்னேன். கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமலிருந்தார்.

"அண்ணாவின் பெட்டியைச் செய்தவனா?"

"அவரேதான், அப்பா."

"அப்படியானால் போட்டுப் பார்க்கலாம்" என்றார்.

கருவிகளின் விலை என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் ஆயிற்று. முதல் வாரம் அவர் பட்ட அவஸ்தையும் எங்களைப் படுத்திய பாடும் கொஞ்சமல்ல. மின்விசிறி இரைகிறது, பத்திரிகையைப் புரட்டினால் ஓலைக் குடிசை எரிகிறதுபோல் இருக்கிறது, தாளிக்கும்போது அடுக்களையில் யாரோ பட்டாசு விடுகிறார்கள். இரண்டு தடவை கழற்றி வைத்துவிட்டார். என் பெண்தான் பக்கத்தில் உட்கார்ந்து, காதில் பொருத்தி, தினம் அரை மணி, ஒரு மணி என்று பழக்கினாள். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் வாசலில் நின்றுகொண்டு, "குருவி இன்னும் இருக்கிறதா இந்தத் தெருவில்?" என்று கேட்டார். குருவிகள் போய் எத்தனையோ வருஷமாயிற்று என்று எண்ணிக்கொண்டிருந்தாராம்.

ஸங்கீதத்துக்கென்று கருவியில் தனியாக ஓர் அமைப்பு உண்டு என்று வைத்தியர் அதையும் திருத்திக் கொடுத்தார். போன ஞாயிற்றுக்கிழமை பெட்டிகளை மறுபடி திறந்தோம். அதே இசைத்தட்டு, அதே ஈஸிசேர். தனி ஆவர்த்தனம் வந்தது. கஞ்சிரா எடுத்தது. தகப்பனாரின் வலது கை விரல்கள் நாற்காலிக் கையின்மேல் ஒரு தாவு தாவின. கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பக்கம் முடியும் வரையில் வாசித்துக்கொண்டே இருந்தார். முள் நடுப்பக்கம் போய்ச் சுற்ற ஆரம்பித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை.

பிறகு அவர் கண்ணைத் திறந்து, "சலங்கை வந்துவிட்டது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனால் இடப் பக்கத்துப் பெட்டியில் கம்மி" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இரண்டும் ஒன்றுதான் அப்பா, நான் அளந்து பார்த்தேன்" என்றேன்.

"அளந்தாயோ இல்லையோ, கம்மி."

பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் இரண்டு பெட்டியிலும் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "தாத்தா சொல்கிறதுதான் சரி" என்றாள். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். இடப் பெட்டியின் மேல் ஒலிக் குமிழ் தளர்ந்து பாதி வழி திரும்பியிருந்தது. உள்ளே புளி போட்டுத் துலக்கின பித்தளைக் கையை நான் சரியாக முறுக்கவில்லை போலிருக்கிறது. திரும்பவும் 53 பவுண்டைச் சாய்த்து, கூம்பைக் கழற்றி, அரிக்கும் பஞ்சை எடுத்துத்தான் ஆகவேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதுதான் வேலை. தகப்பனார் இப்போதே ஸ்குரூ டிரைவரைத் தேடி எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டார்.